சமன்பாடும் கலனும்

யூபிலி மலர்களில் எழுதப் புகுவோர் பழைய நினைவுகளை மீட்டுவதும், மறைந்த ஆசிரியரைப் போற்றுவதும், கல்லூரித் தாய்க்கு வாழ்த்துக் கூறுவதும் மரபு. அம்மரபு நன்று, அதற்கு நாம் மாறானவர் அல்லர். ஆயினும், விழாவின் பயன் சென்ற காலத்தை வாழ்த்துவதோடு முடிந்துவிடுவதன்று. நாளை இவ்வகுப்பறைகளில் அமரப்போகும் மாணவனுக்கு எதனை விட்டுச் செல்கின்றோம் என்னும் வினாவுக்கும் விழா விடை தருதல் வேண்டும். விழா நிதியைக்கொண்டு யாது செய்யலாம் என்று பழைய மாணவர் கூடுமிடமெல்லாம் பேச்சு நிகழ்கின்றது. வாயில் வளைவு வேண்டும் என்பார் சிலர். மைதானத்துக்குப் பார்வையாளர் அரங்கு வேண்டும் என்பார் வேறு சிலர். நாம் கேட்பது இவற்றினும் சிறியது: இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரு மேசை. அம்மேசையின்மீது நாம் ஏன் இத்துணை ஆர்வங் கொள்கின்றோம் என்பதை விளக்குவதற்கு, உயர்தர வகுப்பு மாணவர் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிடும் ஒரு தாக்கத்தைச் சற்று விரித்துக் கூறுதல் அவசியமாகின்றது.

அற்கைன்களின் ஐதரசனேற்றமே அத்தாக்கம். இரு காபன் அணுக்கள் மும்மைப் பிணைப்பால் இணைந்திருக்கும் சேர்வைகளை அற்கைன்கள் என்பர். அவற்றுள் மிக எளியது அசற்றிலீன். அதனோடு ஒரு மூலக்கூறு ஐதரசன் சேர்ந்தால் மும்மைப் பிணைப்பு இரட்டைப் பிணைப்பாகி எதிலீன் உண்டாகும். இன்னுமொரு மூலக்கூறு சேர்ந்தால் ஒற்றைப் பிணைப்பாகி எதேன் உண்டாகும். கரும்பலகையில் இவ்வளவுதான். அம்புக்குறியின் மேல் நிக்கலென்று எழுதினாற் தாக்கம் எதேன் வரைக்கும் செல்லும். பேரியஞ் சல்பேற்றின்மேற் படிந்த பலேடியத்தையும் குயினோலீனையும் எழுதினால் எதிலீனோடு நிற்கும். எழுதியவனுக்குப் புள்ளி கிடைத்துவிடும். அது ஏன் நிற்கின்றது, எத்தகைய பாத்திரத்தினுள் நிற்கின்றது, நில்லாவிடின் விளைவது யாது என்று அவன் கேட்பதில்லை. கேட்பானாயினும், பாடத்திட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு விடை கூற நேரமில்லை.

நாம் தெல்தெனியப் பகுதியிலிருந்து பேருந்திற் கண்டிக்கு வந்து கற்றவர். அந்த மகியங்கனை வீதியை நினைக்குந்தோறும் மூன்று பொருள்கள் நம் கண்முன் வருகின்றன. திகனவை அண்டிய இடங்களில் அகழப்படும் சுண்ணாம்புக்கல் ஒன்று. 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற விக்டோரியா அணையிலிருந்து பிறக்கும் மின்வலு மற்றொன்று. ரங்கல, ஹுன்னஸ்கிரிய மலைச்சரிவுகளில் விளையும் தேயிலை மூன்றாவது. பழைய தெல்தெனிய நகர் அந்நீர்த்தேக்கத்தினடியிற் கிடக்கின்றது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அதன் சிதைவுகள் தலைகாட்டுவதும் உண்டு. இம்மூன்று பொருள்களையுங் கொண்டே நாம் மேலே கூறிய தாக்கத்தை முற்றாக விளக்கிவிடலாம் என்பதனைப் பள்ளிப் பருவத்தில் நமக்கு ஒருவரும் கூறவில்லை. கூறியிருந்தால் அவ்வீதியை வேறொரு கண்ணோடு பார்த்திருப்போம்.

முதலிற் சுண்ணாம்பைக் கொள்வோம். சுட்ட சுண்ணாம்பையும் கற்கரியையும் மின்னுலையில் இட்டு ஏறத்தாழ 2000 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமேற்றினாற் கல்சியங் காபைட்டு உண்டாகும். அதன்மேல் நீர் பட்டால் அசற்றிலீன் வாயு எழும். வீதியோரத்து மோட்டார்த் திருத்தகங்களில் இரும்பை ஒட்டுவதற்கு எரிக்கப்படும் வாயு அதுவே. நமது நாட்டுக்குக் காபைட்டு வெளியிலிருந்தே வருகின்றது. எனினும் அதன் மூலப்பொருள் நம் காலடியிலுள்ள கல்லின் இனத்தைச் சேர்ந்தது. இனி, அசற்றிலீனோடு சேர்வதற்கான ஐதரசனை நீரை மின்பகுத்துப் பெறலாம். ஒரு கிலோகிராம் ஐதரசனைப் பெறுவதற்கு இன்றைய கருவிகளில் 50 முதல் 55 கிலோவாற்று மணி மின்சத்தி செலவாகும். விக்டோரியா மின்னிலையத்தின் கொள்திறன் 210 மெகாவாற்று என்பதனை மாணவனுக்குக் கூறி, மணிக்கு எத்துணை ஐதரசனை அதனாற் பெறலாமென்று கணக்கிடச் செய்தால், ஒரே கணக்கில் பௌதிகமும் இரசாயனமும் நம் ஊரும் ஒருங்கே வந்து நிற்கும்.

தாக்கத்தைத் தொடங்குவது இவ்வாறு எளிது. அதனை நிறுத்துவதே அரிது. இதனைத் தேயிலைத் தொழிற்சாலை நன்கு உணர்த்தும். வாட்டி உருட்டிய கொழுந்தைப் பரப்பிவைத்து, காற்றிலுள்ள ஒட்சிசன் அதனோடு தாக்கமுற விடுவர். புளிக்கவைத்தல் என்று தொழிலாளர் வழங்குவது இதனையே. போதிய அளவு நிகழாவிடில் தேநீர் பச்சை வாடை வீசும். மிஞ்சிவிட்டால் உயிரற்ற சாயமாகிவிடும். உரிய கணத்திற் கொழுந்தை உலர்த்தியின் வெப்பத்துக்குள் அனுப்பித் தாக்கத்தை நிறுத்துவதே டீமேக்கரின் திறமை. நம் வகுப்புத் தோழர் பலரின் தந்தையர் இத்தொழிலில் நாள்தோறும் ஈடுபட்டிருந்தவர்கள். தாக்கம் ஒன்றை வேண்டிய இடத்தில் நிறுத்தும் கலையை அவர்கள் மூக்கினாலும் கண்ணினாலும் அறிந்திருந்தனர். அவர்தம் பிள்ளைகளோ அதே கலையை ஒரு சமன்பாடாக மனனஞ் செய்தனர்.

அற்கைனின் ஐதரசனேற்றத்தை இடையில் நிறுத்துவதனால் உலகுக்கு விளையும் பயன் சிறிதன்று. சந்தையிற் பொருள் சுற்றித்தரும் பொலித்தீன் எதிலீனாலாயது. நாப்தா முதலிய பெற்றோலியப் பொருள்களை வெப்பத்தாற் பிளந்து எதிலீனைப் பெறுங்கால், நூற்றுக்கு ஒன்றளவில் அசற்றிலீனும் உடன் பிறக்கின்றது. அச்சிறு கலப்பு பொலித்தீனாக்கும் ஊக்கியைக் கெடுத்துவிடும். ஆதலால் அது பத்து இலட்சத்திற் சில பங்கென்னும் அளவுக்குக் குறைக்கப்படல் வேண்டும். அதற்காக வாயுவைப் பலேடிய ஊக்கியின்மேற் செலுத்தி அசற்றிலீனை மாத்திரம் ஐதரசனேற்றுவர். அங்கே தாக்கம் எல்லை கடந்தால், நூறு பங்கில் ஒரு பங்கைத் திருத்தப் போய்த் தொண்ணூற்றொன்பது பங்கையும் எதேனாக்கிக் கெடுத்த கதையாகும். இந்தியாவில் வதோதரா, ஹால்தியா முதலிய இடங்களிலுள்ள பெரும் ஆலைகளில் இவ்வேலை இடையறாது நடைபெறுகின்றது.

மற்றோர் உதாரணம் நம் உடல்நலத்தோடு தொடர்புடையது. விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது யாவரும் அறிந்ததே. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஹொவ்மன் லா ரோச் நிறுவனத்தைச் சேர்ந்த ஒற்றோ இசுலரும் அவர்தம் துணைவரும் 1947இல் அவ்விற்றமினைத் தொழின்முறையில் ஆக்கும் வழியைக் கண்டனர். கேரளத்தில் வடிக்கப்படும் எலுமிச்சைப்புல் எண்ணெயிலுள்ள சிற்றரால் என்னும் பொருள் இத்தகைய தொகுப்புக்கு ஒரு தொடக்கப் பொருளாக உதவியது. இவ்வழியின் நடுவே ஒரு மும்மைப் பிணைப்பை இரட்டைப் பிணைப்பாக்கி அவ்வளவில் நிறுத்தவேண்டிய படி ஒன்றுண்டு. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஹேர்பேர்ட் லிண்ட்லர் 1952இல் அதற்கு ஏற்ற ஊக்கியை வெளியிட்டார். கல்சியங் காபனேற்றின்மேற் பலேடியத்தைப் படியவைத்து, அதன்மேல் ஈயத்தைச் சேர்த்து, அதன் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டார். கல்சியங் காபனேற்று என்பது வேறொன்றன்று. திகனவில் அகழப்படும் கல்லின் முதன்மையான கூறே அது. ஊக்கிக்கு நஞ்சாகிய ஈயத்தை அளவறிந்து இட்டு, அடங்காத உலோகத்தை அவர் அடக்கினார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர் நம் மூத்தோர். அளவோடு நின்றால் நஞ்சும் உதவும் என்பதற்கு இவ்வூக்கியே சான்று.

இங்கே நிற்பதன் காரணத்தையும் சற்று நோக்குவோம். பலேடியத்தின் மேற்பரப்பில் அசற்றிலீன் இறுகப் பற்றிக்கொள்ளும். எதிலீன் தளர்வாகவே பற்றும். அற்கைன் உள்ளவரையில் அது இடத்தைப் பிடித்துக்கொண்டு, உண்டான அற்கீனை வெளியே தள்ளிவிடுகின்றது. அற்கைன் தீரும் தறுவாயில் இடம் வெறுமையாகும். அப்பொழுதே அற்கீன் மீண்டும் வந்து பற்றி ஒற்றைப் பிணைப்பாகக் கெடும். ஆகவே ஆபத்து தொடக்கத்திலன்று, முடிவிலேயே உள்ளது. வெப்பமும் இதற்குத் துணைபோகும். ஒரு மூல் அசற்றிலீன் எதிலீனாகும்போது ஏறத்தாழ 175 கிலோயூலும், எதிலீன் எதேனாகும்போது ஏறத்தாழ 137 கிலோயூலும் வெளிவருகின்றன. அவ்வெப்பம் அகற்றப்படாது ஓரிடத்திற் தேங்கினால் அங்கே தாக்கம் கட்டுமீறும்.

இந்த இடத்திலேதான் கலன் முன்வருகின்றது. எவ்வளவு நல்ல ஊக்கியாயினும், பொருள்கள் அதனருகில் தங்கும் நேரத்தைத் தீர்மானிப்பது கலனின் அமைப்பேயாகும். பழைய முறையில் ஊக்கித் தூளைத் திரவத்தோடு பெருங்கலனில் இட்டு, ஐதரசனைச் செலுத்திக் கலக்குவர். வேலையாள் அடிக்கடி மாதிரி எடுத்துப் பார்த்து, உரிய நேரத்தில் ஐதரசனை நிறுத்தல் வேண்டும். பின்னர் தூளை வடித்தெடுத்தல் வேண்டும். மற்றொரு முறையில் ஊக்கிக் குறுணிகளைக் குழாயில் நிரப்பி அவற்றினூடே பொருளைச் செலுத்துவர். ஆழமான நுண்டுளைகளுள் நுழைந்த அற்கீன் வெளியேறத் தாமதித்து அங்கேயே கெடுவதுண்டு. வாயுவும் திரவமும் ஒருங்கே ஓடும்போது சில இடங்களில் திரவம் அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் பாயும். வறண்ட இடத்தில் வெப்பம் தேங்கும்.

இக்குறைகளைக் களைவதற்கு எழுந்தவையே கட்டமைப்புள்ள தாக்கக் கலன்கள். தேன்கூட்டை நீளமாக இழுத்தாற்போன்ற ஒரு பீங்கான் துண்டை எண்ணிப் பாருங்கள். ஒரு சதுர அங்குலத்தில் 400 வரையான நேரிய நுண்கால்வாய்கள்; அவற்றின் சுவர்களில் மெல்லிய ஊக்கிப் பூச்சு. பூச்சு மெல்லியதாதலால் விளைபொருள் அதனுட் சிக்கித் தங்குவதில்லை. கால்வாய்கள் திறந்திருத்தலால் பொருளைத் தள்ளுவதற்குப் பேரமுக்கம் வேண்டியதில்லை. வாயுவையும் திரவத்தையும் சேர்த்து அனுப்பினால், ஒரு குமிழி, ஒரு திரவத்துண்டு, மீண்டும் ஒரு குமிழி என அணிவகுத்துச் செல்லும். ஒவ்வொரு திரவத்துண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் உள்ளே தங்கி வெளியேறும். டீமேக்கரின் மூக்கு செய்த வேலையின் ஒரு பகுதியை இங்கே கால்வாயின் நீளமே செய்துவிடுகின்றது.

இது வெறுங் கற்பனையன்று. சுவீடனில் ஐதரசன் பரவொட்சைட்டு ஆக்கும் தொழிலில் இத்தகைய தேன்கூட்டுக் கலன்கள் ஐதரசனேற்றத்துக்குப் பயன்பட்டுள்ளன. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில், விற்றமின்களுக்கு வேண்டிய அசற்றிலீன் அல்ககோல்களை ஐதரசனேற்றுவதற்கு, நுண்ணிய உலோக இழைகளை நெய்தாற்போன்ற தகடுகளில் பலேடியத்தைப் படியவைத்து ஆராய்ந்துள்ளனர். அசற்றிலீனை நீக்கும் ஆலைகளிலும் குறுணியின் வெளித்தோலில் மாத்திரம் பலேடியத்தைப் படியவைப்பதற்கு இதே காரணம்தான்.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று கருதுவோரும் இருப்பர். நாம் அவர்களைத் தெல்தெனியப் பேருந்து நிலையத்தருகே சிறிது நேரம் நிற்கும்படி வேண்டுகின்றோம். கடந்து செல்லும் புதிய பெற்றோல் மோட்டார் வண்டிகள் பலவற்றின் புகைக்குழாயினுள் இதே தேன்கூட்டுக் கலன் இருக்கின்றது. பிளாற்றினம், பலேடியம், ரோடியம் என்னும் உலோகங்கள் அதன் சுவர்களிலுள்ளன. நச்சுப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் அது தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றது. நமது நாடு 2002இல் ஈயங் கலந்த பெற்றோலைக் கைவிட்டது. ஈயம் உடலுக்குத் தீங்கு செய்வதோடு இந்த ஊக்கியையும் அழித்துவிடும். லிண்ட்லரின் ஊக்கியில் ஏவலாளாக நின்ற ஈயமே இங்கே பகைவனாகின்றது. ஒரே உலோகம் ஓரிடத்தில் உதவியும் பிறிதோரிடத்தில் கேடுமாதலை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல பாடம் உண்டோ?

ஆகவே நம் கருத்து இதுவாகும். தாக்கத்தைச் சமன்பாடாக மாத்திரம் கற்பிப்பது பாதிக் கல்வி. அது எக்கலனில், எவ்வேகத்தில், எவ்வளவு நேரம் நிகழ்ந்து, எங்கே நிற்கவேண்டும் என்பதனைக் கற்பிப்பதே மறுபாதி. முதற்பாதி பரீட்சைக்குப் போதும். தொழிலுக்கும் ஆராய்ச்சிக்கும் மறுபாதியே வேண்டும். பேராதனையிலும் மொறட்டுவையிலும் இரசாயனப் பொறியியல் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் அப்படியொரு துறை உண்டென்பதனையே அறியாது உயர்தர வகுப்பைக் கடந்துவிடும் மாணவர் நம்மிடையே பலர். கண்டியைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் அரியன. விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையும் நெடுங்காலமாக உள்ளது. எத்தனையோ இடர்களைக் கடந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை நம் கல்லூரியின் ஆய்வுகூடத்தை வந்தடையும்போது, அங்கே அவள் அல்லது அவன் காண்பது கரும்பலகை ஒன்றேயாயின், அந்நெடும் பயணத்துக்கு நாம் செய்யும் மரியாதை அதுதானா?

மாணவர் கையில் ஐதரசனையும் அசற்றிலீனையும் கொடுப்பது ஆபத்தன்றோ என்று சிலர் தடை கூறலாம். அவை தீப்பற்றி வெடிக்கும் இயல்பின. அவற்றைக்கொண்டு இம்மேசையிற் பரிசோதனை நிகழ்த்தவேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. கலனின் தத்துவத்தைக் கற்பிக்க அவை வேண்டியதில்லை. குயவரிடம் ஈரக் களிமண் உருளையொன்றைப் பெற்று, ஈர்க்குகளால் நெருக்கமாகத் துளையிட்டுச் சூளையிற் சுட்டெடுத்தால் ஒரு தேன்கூட்டுக் கலன் ஆயிற்று. அதனைப் பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, ஆசிரியர் முன்னிலையில் வெப்பமேற்றிக் கழுவினால் துளைச்சுவர்களில் மங்கனீசீரொட்சைட்டுப் படியும். அதனூடே ஐதான ஐதரசன் பரவொட்சைட்டை ஒழுகவிட்டு, எழும் ஒட்சிசனை நீரின்மேற் சேகரித்து அளந்தால், ஒழுகும் வேகத்துக்கும் விளைவுக்குமுள்ள தொடர்பை மாணவர் தாமே கண்டறிவர். அதே பொருளைத் தூளாக முகவையில் இட்டு ஒப்புநோக்கினால், வடிகட்டும் தொல்லையையும் கண்ணாற் காண்பர்.

இரண்டாவது பரிசோதனை இதனிலும் எளிது. நீர் ஒருபுறம் வந்து மறுபுறம் வழியும் பாத்திரமொன்றை இடைவிடாது கலக்கி, அதில் ஒரு துளி மையிட்டால், நிறம் நெடுநேரம் மங்கி மங்கி வெளியேறிக்கொண்டிருக்கும். மெல்லிய ஒளிபுகுங் குழாயொன்றினுள் நீர்த்துண்டும் காற்றுக்குமிழியும் மாறிமாறிச் செல்லவிட்டு, ஒரு நீர்த்துண்டில் மையிட்டாற் பெரும்பாலும் அத்துண்டோடே நிறமும் வெளியேறிவிடும். தங்கும் நேரம் என்னும் பெருங் கருத்து, மீன்தொட்டிக்குக் காற்றூதும் சிறு கருவி ஒன்றினாலும் சில முழக் குழாயினாலும் விளங்கிவிடுகின்றது. பழுதடைந்த வாகனப் புகைக்கலன் ஒன்றைத் திருத்தகத்திற் கேட்டுப் பெற்று, கண்ணாடிப் பெட்டியினுள் வைத்து, அதன் வரலாற்றைத் தமிழில் எழுதி ஒட்டிவிட்டால் மேசை நிறைவுபெறும். வாயில் வளைவுக்காகும் செலவிற் சிறு பங்கும் இதற்கு வேண்டியதில்லை.

பரீட்சையில் வினவப்படாத ஒன்றைக் கற்பித்தல் காலவிரயம் என்று சொல்வோரும் உளர். அவர்தம் அச்சம் நியாயமானதே. பல்கலைக்கழக அனுமதியின் போட்டி எத்துணைக் கடுமையானது என்பதனை நாமும் அறிவோம். எனினும், நீர்த்துண்டோடு மை வெளியேறுவதைக் கண்ட மாணவன் லிண்ட்லரின் ஊக்கியை மனனஞ் செய்யவேண்டியதில்லை. அது தானே நினைவில் நிற்கும். விளங்கிக் கற்றவன் பரீட்சையிலும் தவறமாட்டான். வாரத்துக்கு ஒரு பாடவேளை இதற்குப் போதும். அதனை நடத்துவதற்கு ஆசிரியரை மாத்திரம் நம்பியிராது, ஆலைகளிலும் ஆய்வுநிலையங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பணியாற்றும் பழைய மாணவர் முறைவைத்து வருதல் வேண்டும். பணம் அளித்தலினும் இது கடினமான கொடை என்பதனை நாம் மறுக்கவில்லை.

விக்டோரியா அணை நீரை உண்டாக்கவில்லை. மகாவலி அதற்கு முன்னரும் ஓடியது. அணையும் சுரங்கமும் சுழலியும் அந்நீருக்கு ஒழுங்கான வழியமைத்துக் கொடுத்தன. அதனாலேயே ஒளி பிறந்தது. நம் பிள்ளைகளின் அறிவும் அத்தகையதே. ஆற்றல் அவர்களிடம் ஏலவே உண்டு. அது சென்று பயன்தரும் கால்வாயை அமைத்தலே நம் கடன். அணைக்காகத் தன் பழைய நகரையே நீருக்குக் கொடுத்த தெல்தெனியவைச் சேர்ந்தவர் என்ற உரிமையோடு, விழாக் குழுவினரிடம் இவ்வொரு மேசையைக் கேட்கின்றோம். அடுத்த யூபிலி மலரில் எழுதப்போகும் இளைஞன், கல்லூரி வாயிலின் வளைவை நினைவுகூர்வதிலும், தான் ஈர்க்கினாற் துளையிட்ட களிமண் கலனை நினைவுகூர்வானாயின், இவ்விழா பயனுடைத்து என்போம்.